மலை தெரியும் வீடு

வீட்டை வாடகைக்கு விடுவது ஒரு கலை என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், ஒரு வருஷத்துக்கு முன்பு நான் சிரித்திருப்பேன். வீட்டைப் பெருக்கி மெழுகி, வாசலில் ஒரு பலகையை மாட்டினால் போதாதா? பலகையைப் பார்த்து யாரோ ஒருவர் கதவைத் தட்டுவார். வீட்டைத் திறந்து காட்டுவோம். பிடித்தால் வருவார், பிடிக்காவிட்டால் போவார். இதில் கலைக்கு ஏது இடம்? இப்படித்தான் நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதையும், மாறுவதற்கு முன்னால் ஒரு வயோதிக அம்மாளுக்கு நான் என்ன அநியாயம் செய்தேன் என்பதையும் நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடப் போகிறேன்.

நான் திருத்தணியில் கணித உபாத்தியாயர். ஊரில் எனக்கு இரண்டு வீடுகள் உண்டு என்றவுடன் பெரிய சொத்துக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று, நான் குடியிருப்பது. கடன் வாங்கிக் கட்டியது. கடன் இன்னும் தீரவில்லை. மற்றொன்று, என் தாயார் குடியிருந்த பழைய வீடு. கிழக்குப் பார்த்த வாசல். வாசலில் சிறு திண்ணை. உள்ளே ஒரு கூடம், இரண்டு அறைகள், சமையலறை. பின்புறம் கிணறும் குளியலறையும். வெளிப்புறமாக மொட்டை மாடிக்கு ஏறப் 18 படிகள். மாடியில் நின்று மேற்கே திரும்பினால் தணிகைமலை முழுவதும் தெரியும். என் தாயார் கடைசி வருஷம் வரையில் தினந்தோறும் காலையில் அந்தப் படிகளை ஏறி, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார்.

அவர் காலமான பிறகு வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. மனிதர் இல்லாத வீட்டுக்குக் கரையான் முந்திக்கொண்டு குடிவந்துவிடும். அதே சமயத்தில் என் மூத்த பெண்ணுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரிச் சம்பளத்துக்கு எப்படியோ வழி செய்துவிட்டேன். விடுதிச் செலவுக்கு இந்த வீட்டு வாடகையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பலகையை மாட்டினேன். மூன்று வாரத்தில் கதவைத் தட்டியவர் ஒரே ஒருவர். அவரும் பக்கத்து வீட்டு விலாசம் விசாரிக்க வந்தவர்.

* * *

விடுமுறைக்கு வந்திருந்த என் மருமான் இதைக் கேட்டுச் சிரித்தான். “பலகையை இப்போது யார் மாமா பார்க்கிறார்கள்? வீடு தேடுகிறவர்கள் எல்லாரும் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். இணையத்தில் விளம்பரம் போடுங்கள். ஆனால் படம் இல்லாத விளம்பரத்தை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்” என்றான்.

அத்துடன் ஒரு கதையும் சொன்னான். பிரயாணிகளுக்கு வீடுகளையும் அறைகளையும் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏர்பிஎன்பி என்ற கம்பெனியை அமெரிக்காவில் சில இளைஞர்கள் 2008-ஆம் வருஷத்தில் ஆரம்பித்தார்களாம். ஆரம்பத்தில் வியாபாரம் படுத்துக் கிடந்தது. 2009-இல் அவர்கள் தங்கள் விளம்பரங்களை உட்கார்ந்து பார்த்தபோது, நியூயார்க் வீடுகளின் படங்கள் எல்லாம் மங்கலாகவும் கோணலாகவும் இருப்பதைக் கண்டார்கள். ஒரு நல்ல காமிராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாங்களே படம் எடுத்தார்கள். சீக்கிரத்திலேயே அந்த நகரத்தின் வருமானம் இரட்டித்துவிட்டது. இது அவன் கட்டிய கதை அல்ல. அந்த இளைஞர்களே பிற்காலத்தில் பல இடங்களில் சொன்னது என்று பின்னர் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அவனே தன் கைப்பேசியுடன் தாயார் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் 12 படங்கள் எடுத்து வந்தான். அவற்றைப் பார்த்து நான் அசந்துபோனேன். பன்னிரண்டு அடிக்குப் பத்து அடியுள்ள எங்கள் கூடம் கல்யாண மண்டபம்போல் விரிந்து கிடந்தது. சமையலறையில் சமபந்தி போஜனமே நடத்தலாம் போலிருந்தது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், வாசற் படம். எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு நேர் பின்னால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல், தணிகைமலை எழுந்து நின்றது!

“மலை தெரியும் வீடு வாடகைக்கு” என்று மருமான் தலைப்பு எழுதினான். அதில் ஓர் ஒற்றுப் பிழை இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன். மற்றப் பிழை ஒன்றும் அன்று என் கண்ணில் படவில்லை.

இந்த ஜாலத்தின் ரகசியம் சாதாரணக் கணக்குத்தான். இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் காமிராவுக்கு ஒரு கண் அல்ல, இரண்டு மூன்று கண்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மிக அகலமாகப் பார்க்கும் கண். அறையின் மூலையில் நின்று அதைத் திறந்தால் மூன்று சுவர்களும் படத்துக்குள் வந்துவிடும். கிட்டத்தில் இருக்கும் தரை நீண்டு பரந்து தோன்றும். எதிர்ச் சுவர் எங்கோ தூரத்துக்கு ஓடிப்போகும். அறை வளர்ந்துவிட்டதாக நம் புத்தி நம்பிவிடுகிறது.

மலை கிட்டத்தில் வந்தது இதற்கு நேர்மாறான தந்திரம். எங்கள் வீட்டின் உயரம் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து ஏறக்குறைய 15 அடி. 20 அடி தூரத்தில் நின்று பார்த்தால் வீடே கண்ணை நிறைத்துவிடும். பின்னால் மலை இருக்கும் சுவடே தெரியாது. தெருக்கோடிக்குப் போய் 200 அடி தூரத்தில் நின்றால், வீடு பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துப்போகும். மலையோ அரை மைலுக்கு அப்பால் இருக்கிறது. நாம் பின்வாங்கிய 180 அடி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தோற்றத்தில் அது நூற்றுக்குப் பத்துப் பங்குகூடக் குறைவதில்லை. இப்போது தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கண்ணைத் திறந்தால் வீடும் மலையும் சேர்ந்தே பெரிதாகும். வீடு தன் பழைய அளவை நெருங்கும்போது மலை பல மடங்கு வளர்ந்து வீட்டின் தோளில் வந்து உட்கார்ந்துவிடும். பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடக்கூடிய கணக்கு. கணித உபாத்தியாயருக்கு அன்று அது தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ!

* * *

விளம்பரம் போட்ட பத்து நாளில் நாற்பது பேருக்கு மேல் கூப்பிட்டுப் பேசினார்கள். ஒன்பது குடும்பங்கள் நேரிலும் வந்தன. கூடத்தில் காலை வைத்தவுடன் ஒன்பது பேர் முகத்திலும் ஒரே பாவம். கல்யாண மண்டபத்தைத் தேடி அவர்கள் கண்கள் சுவருக்குச் சுவர் ஓடுவதைப் பார்த்தேன். “யோசித்துச் சொல்லுகிறோம், சார்” என்பார்கள். யோசித்து ஒருவரும் சொல்லவில்லை.

பத்தாவதாக வந்தவர்கள் சென்னையிலிருந்து ரெயிலில் வந்த ஒரு வயோதிகத் தம்பதிகள். அந்தப் பெரியவர் முன்னதாகப் பேசியபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வீட்டிலிருந்தே மலை தெரிகிறதல்லவா?”

“தெரிகிறது, சார்” என்றேன். அது பொய் அல்ல. மாடியிலிருந்து தெரியத்தான் செய்கிறது.

ஆட்டோவிலிருந்து அந்த அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார். திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வீட்டுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பின்பக்கத்து ஜன்னலண்டை நின்றார். அங்கே தெரிந்தது பக்கத்து வீட்டின் பின்சுவரும், அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த துணிகளும்.

“மலை எங்கே, தம்பி?” என்று கேட்டார்.

“மாடிக்குப் போனால் நன்றாகத் தெரியும், அம்மா.”

அவர் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். 18 படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

பெரியவர் என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்: “முழங்கால் இரண்டும் போய்விட்டது, சார். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம் இந்த மலையின் 365 படியையும் நிற்காமல் ஏறினவள் இவள். வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தோம். மலைமேல் போக மோட்டார்ப் பாதை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தினம் காலையில் கண் விழித்தவுடன் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று இவளுக்கு ஓர் ஆசை. உங்கள் படத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு வாரமாக இவளுக்குத் தூக்கமே இல்லை.”

என்ன பதில் சொல்லுவது? “என் தாயார் தினம் இதில் ஏறித்தான் கும்பிடுவார்” என்று ஏதோ உளறினேன்.

“அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்கிறது” என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தார். பிறகு, “படத்தில் அவ்வளவு கிட்டத்தில் இருந்ததே!” என்றார். அதில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு என் மனைவி கேட்டாள்: “பரீட்சைத் தாளில் பையன் இப்படி எழுதினால் மார்க்குப் போடுவீர்களா?”

“விடை சரிதானே? மலை தெரிகிறதா என்றால் தெரிகிறது.”

“வழிமுறை?”

வழிமுறை தவறாக இருந்து விடை மட்டும் சரியாக இருந்தால், அதைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது என்று சொல்லிச் சுழி போடுகிறவன் நான். பேசாமல் படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

* * *

உபாத்தியாயருக்கு வெட்கம் வந்தால் புத்தகத்தைத் தேடிப் போவது வழக்கம். நானும் அப்படியே போனேன். போட்டோப் படம் பொய் சொல்லாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் அல்லவா? அது எப்போது பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்று பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தால், பிறக்கும்போதே கற்றுக்கொண்டுதான் பிறந்திருக்கிறது!

காமிராவினால் எடுத்து இன்றுவரை பிழைத்திருக்கும் படங்களில் மிகப் பழமையானது, பிரான்சு தேசத்தில் நீப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் எடுத்தது. அதுவும் ஒரு வீட்டுப் படம்தான். தம் கிராமத்து வீட்டின் மாடி ஜன்னலில் காமிராவை வைத்து, வெளியே தெரிந்த கூரைகளையும் சுவர்களையும் ஓர் உலோகத் தகட்டில் பதிய வைத்தார். பதிவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டபடியால், எதிரும் புதிருமான இரண்டு பக்கத்துச் சுவர்களிலும் ஒரே படத்தில் வெயில் விழுகிறது. எந்த மனிதனும் தன் கண்ணால் ஒரே சமயத்தில் காண முடியாத காட்சி. நீப்ஸ் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. காமிராவுக்கு நம் கண்ணைப்போல் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவே.

நம் நாட்டு விஷயத்தையும் பார்க்கலாம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானியின் சர்க்கார் படப்பிடிப்பாளராக இருந்து, 1858-இல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படம் எடுத்தார். மெழுகு ஏற்றிய பெரிய காகிதங்களில் பதிந்த அந்தப் படங்கள் இன்றும் பார்க்கிறவர்களை மயக்குகின்றன. அவர் காலத்துப் பதிவுத் தாள்களில் வானம் வெறும் வெளுப்பாகத்தான் விழும். ஆகையால் பதிவுத் தாளின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

அது பொய்தானே என்றால், பொய்தான். ஆனால் மேகத்தை நம்பி ஒருவரும் பெட்டி படுக்கையுடன் ரெயில் ஏறுவதில்லை. நான் சேர்த்தது மேகம் அல்ல, மலை.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு விதி கண்டுபிடித்தேன். குடிவருகிறவர் எங்கே நிற்பாரோ, எங்கே உட்காருவாரோ, அங்கே காமிராவை வைக்க வேண்டும். அவர் கண் இருக்கும் உயரத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து அவருக்கு என்ன தெரியுமோ, அதுவே படம். தெருக்கோடியில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. கூடத்து மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டும் யாரும் வாழப் போவதில்லை.

* * *

விதி கிடைத்த உற்சாகத்தில் அன்று சாயங்காலமே பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் படம் எடுத்தேன். ஏழு படங்களையும் என் மனைவியிடம் காட்டினேன். கூடம் குகைபோல் இருந்தது. சுவர்கள் மஞ்சளும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. குளியலறையில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அலமாரிக் கண்ணாடியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“முன்னதில் இல்லாததைக் காட்டினீர்கள். இதில் இருப்பதையும் மறைத்துவிட்டீர்கள்” என்றாள்.

அவள் சொன்னது வாஸ்தவம். நல்ல வீட்டை மோசமாகக் காட்டுவதும் பொய்தான். உண்மை என்ற பெயரால் அலட்சியத்தை மன்னித்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகு நான்கு நாள், வெவ்வேறு வேளையில் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். அங்கே கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். நேயர்களில் வீட்டுக்காரர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் காமிராவின் கண்ணைத் துடைக்க வேண்டும். சட்டைப் பையிலும் கையிலும் புரளும் கைப்பேசியின் கண்ணில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அந்தப் பிசுக்கோடு எடுத்தால் ஜன்னல் வெளிச்சம் பனிமூட்டம்போல் படம் முழுவதும் பரவிவிடும். பழைய வேஷ்டித் துணியால் மெல்லத் துடைத்தேன். பாதிக் குறை அதிலேயே போயிற்று.

அடுத்தது வேளை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. கிழக்குப் பார்த்த வாசலுக்குக் காலை எட்டு மணி. சாயங்காலம் எடுத்தால் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய் வாசல் கறுத்துவிடும். சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. அதற்கு முற்பகல்தான் உகந்தது; அப்போது வெயில் நேரே உள்ளே பாயாமல் வெளிச்சம் மட்டும் வரும். பகலில் விளக்கைப் போடக் கூடாது. வானத்து வெளிச்சம் நீலம் கலந்தது, பல்பின் வெளிச்சம் மஞ்சள் கலந்தது. நம் கண் இரண்டையும் சமாதானம் செய்துகொள்ளும். காமிரா அப்படிச் செய்யாமல் சுவரைத் திட்டுத் திட்டாக்கிவிடும். நான் முதலில் கண்ட அலங்கோலத்துக்கு இதுவே காரணம்.

மூன்றாவது நேர்மை, மனத்தின் நேர்மையைச் சொல்லவில்லை, சுவரின் நேர்மையைச் சொல்லுகிறேன். கைப்பேசியை மேலேயோ கீழேயோ சாய்த்தால் சுவர்களும் சாய்ந்து, வீடு விழப்போவதுபோல் தோன்றும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல, நிலைக்கதவின் ஓரம் படத்தின் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, மார்பளவு உயரத்தில் நேராகப் பிடிக்க வேண்டும். மூலைக்குப் போகாமல் வாசற்படியில் நின்று, காமிராவின் நடுத்தரமான கண்ணால் எடுத்தேன். அறை சிறிதாகத்தான் தெரிந்தது. ஆகவே ஆறடிக்கு நாலடிக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். வெற்று அறையின் அளவு யாருக்கும் புரியாது. கட்டிலைப் போட்டால், தம் பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் இடம் இருக்குமா என்று பார்க்கிறவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

நான்காவது, எதை எடுத்துவிடுவது, எதை விட்டுவைப்பது என்பது. வாளி, விளக்குமாறு, போன வருஷத்துக் காலண்டர் இவற்றை எடுத்துவிடலாம். குடிவருகிறவருக்கு அவற்றோடு சம்பந்தம் இல்லை. கூடத்தில் மாட்டியிருந்த என் தாயார் படத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிவிட்டுப் பார்த்தால், சுண்ணாம்பு மங்கிய சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஒரு நீள்சதுரமாகத் தெரிந்தது. அன்று கூடத்தைப் படம் எடுக்க என்னால் முடியவில்லை. மறுநாள்தான் எடுத்தேன். அந்த நீள்சதுரம் படத்தில் இருக்கிறது.

ஆனால் வீட்டோடு சேர்ந்த குறை எதையும் மறைக்கக் கூடாது. வடக்கு அறையின் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம் அடித்திருந்தது. அதன் முன்னால் பீரோவை நகர்த்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அந்த அம்மாளின் கைத்தடி ஞாபகம் வந்தது. ஓதத்துக்கென்றே தனியாக ஒரு படம் எடுத்தேன். மாடிப்படியையும், அதற்குக் கைப்பிடி இல்லாததையும் எடுத்தேன். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதையும் எடுத்தேன். தண்ணீர் எப்படி என்பதுதானே நம் ஊர்களில் முதல் கேள்வி?

இன்னும் ஒரு எச்சரிக்கை. சில கைப்பேசிகள் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக்கூடப் படத்தினுள்ளேயே குறித்து வைத்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் இருப்பிடத்தை உலகத்துக்கெல்லாம் தெரிவிப்பானேன்? அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. பிறர் வீட்டுப் படத்தைத் திருடி, தம் வீடு என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்களும் உண்டு. ஆகவே வீடு தேடுகிறவர்களும் படத்தை மாத்திரம் நம்பிப் பணம் அனுப்பாமல், நேரில் வந்து பார்த்துவிட்டுக் கொடுப்பதே விவேகம்.

* * *

ஒன்பது படங்கள் தேறின. தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒருவர் நடந்து வரும் வரிசையிலேயே அவற்றை அடுக்கினேன். ஒவ்வொன்றின் கீழும் அறையின் நீள அகலத்தை எழுதினேன். கடைசிப் படம் மாடியிலிருந்து தெரியும் மலை. மாடியில் நிற்கிறவர் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே. அதன் கீழ், “மலை மாடியிலிருந்து மட்டும் தெரியும், 18 படிகள் ஏற வேண்டும்” என்று எழுதினேன்.

தமிழில் எழுதியதைத் தெலுங்கிலும் எழுதச் செய்தேன். சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் படத்தில் கோடு போட்டுவிட்டதால் கடைத்தெருவில் பேச்சு பிரிந்துவிடுமா? பக்கத்து நகரியிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். வீடு தேடுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள் அல்லவா?

இந்தத் தடவை பத்து நாளில் கூப்பிட்டவர்கள் ஆறே பேர். மருமான் தலையில் அடித்துக்கொண்டான். அந்த ஆறு பேரில் மூன்று பேர் நேரில் வந்தார்கள். மூன்று பேரில் ஒருவர் முகத்திலும் அந்தப் பழைய பாவம் இல்லை. தாம் பார்த்துவைத்த வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பதுபோல் நின்றார்கள். மூன்றாவதாக வந்தவர் நகரிப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண். ஆஸ்பத்திரியில் செவிலியாக இருப்பவர். கூடத் தம் தாயாரையும் அழைத்து வந்திருந்தார். கட்டில் போட்டிருந்த அறையை ஒரு தடவை பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு நேரே வடக்கு அறைக்குப் போய், படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“சார், ஓதம் படத்தில் இருக்கிற மாதிரியேதான் இருக்கிறது. பூசிக் கொடுக்கிற வரைக்கும் வாடகையில் முந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

என் உண்மையை எனக்கே சாட்சியாகக் காட்டிப் பேரம் பேசினால் என்ன செய்வது? குறைத்துக்கொண்டேன். உண்மைக்கு ஒரு விலை உண்டு என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். மாதத்துக்கு எவ்வளவு என்பது அன்றுதான் தெரிந்தது. மழைக்காலம் முடிந்ததும் சுவரைப் பூசிவிட்டேன். பெண்ணின் விடுதிச் செலவுக்கு இப்போது பணம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு வேறொரு தெருவில் சின்ன வீடு உண்டு. மாடியும் கிடையாது, படியும் கிடையாது. அது காலியாகப் போகிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னபோது, உடனே அவரோடு புறப்பட்டுப் போய்ப் பார்த்தேன். மேற்குப் பார்த்த வாசல். எதிரே ஒரு காலி மனை. திண்ணையில் உட்கார்ந்து, காமிராவை உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்துக்கு இறக்கி, கிட்டத்தில் இழுக்காமல், அகலப்படுத்தாமல் ஒரு படம் எடுத்தேன். தென்னை ஓலைக்கு மேலே மலை. மலைமேல் கோபுரம், சுண்டுவிரல் நகம் அளவு.

அந்தப் பெரியவருக்கு அதை அனுப்பினேன். “திண்ணையில் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்தது. வாசலுக்கு ஒரே ஒரு படி. மலை இவ்வளவுதான் தெரியும். எதிர் மனையில் நாளைக்கு யாராவது வீடு கட்டினால் இதுவும் மறையலாம்” என்றும் எழுதினேன். பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் பட்ட கவலை, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்கூடப் பட்டிருக்கமாட்டான்.

தை மாதம் அவர்கள் குடிவந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சில நாள் அந்தத் தெரு வழியாகப் போகிறேன். சுற்றுவழிதான், ஆனாலும் போகிறேன். நேற்றுக் காலையிலும் அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. நான் சைக்கிள் மணியை அடித்தேன். அவர் திரும்பவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.